எம்ஜிபி ரோட்ஸ்டருக்குப் பெயர் தெரியாத ஹார்ட்டாப்: ஓரத்தை வெட்டலாமா?

செகாம்புட் 1800

வணக்கம். என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், இருவர் உட்காரும் பிரிட்டிஷ் திறந்த கார், குரோம் பம்பர் வண்டி. கேன்வாஸ் கூரை நைந்துவிட்டது. பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சள் பூத்து, பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்றுகூடத் தெரிவதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோலாலம்பூர் மழை எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் இந்த வண்டியை எடுக்கவே மனம் வருவதில்லை.

பினாங்கில் ஒருவர் கிடங்கைக் காலி செய்தபோது ஃபைபர் (கண்ணாடி இழை) ஹார்ட்டாப் ஒன்று, அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, கிடைத்தது. எம்ஜிபிக்கானது என்று சொல்லித்தான் கொடுத்தார். உள்ளேயும் வெளியேயும் தேடிவிட்டேன். செய்த நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. பின்ஜன்னல் கண்ணாடியும் அல்ல, அக்ரிலிக். வண்டிமேல் தூக்கி வைத்தால் இடப்பக்கம் முன்கண்ணாடிச் சட்டத்தின்மேல் சரியாக உட்காருகிறது. வலப்பக்கம் 9 மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவுக் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழைகிறது.

பட்டறையில் ஒருவர், வலப்பக்க ஓரத்தைக் கிரைண்டரால் வெட்டி, ஃபைபர் வைத்து நிரப்பி, ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொரு நண்பரோ, கிள்ளானில் துருப்பிடித்துக் கிடக்கும் எம்ஜிபி ஜிடி (நிரந்தரக் கூரையுள்ள வகை) ஒன்றின் இரும்புக் கூரையை அறுத்தெடுத்து அதையே கழற்றி மாட்டும் கூரையாக்கலாம் என்கிறார். பச்சை வண்டி; கூரைக்குக் கறுப்பு அடிக்க ஆசை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ரோட்ஸ்டர் பிரியன்

வாழ்த்துகள் அண்ணன். என்னுடையது மஸ்டா எம்எக்ஸ்-5, ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்ற முதல் தலைமுறை வண்டி. அதற்கு இரண்டாம் தலைமுறை வண்டியின் ஹார்ட்டாப்பைத்தான் போட்டிருக்கிறேன். 1989-இல் தொடங்கி 2005 வரை வந்த அந்த இரண்டு தலைமுறைகளுக்கும் கூரை மாறி மாறிப் பொருந்தும். மூன்றாம் தலைமுறையின் கூரை பொருந்தாது. எடை ஏறத்தாழ 20 கிலோ. முன்னால் இரண்டு பிடிப்பான், பக்கங்களிலும் பின்னாலும் பூட்டு. நானும் என் தம்பியும் சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே மாட்டிவிட்டோம்.

உங்களுக்கும் சிரமம் இருக்காது என்றே நினைக்கிறேன். தடிமனான ரப்பர் வைத்தால் 9 மில்லிமீட்டர் மறைந்துவிடாதா?

பழைய பாகன்

மறையாது தம்பி. மஸ்டாவின் உடல் இயந்திரத்தில் அச்சுப் பிசகாமல் வந்தது; கூரையும் அதே அளவுக்கு வந்தது. எம்ஜிபி அப்படி அல்ல. 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் கட்டிய வண்டி அது. முன்கண்ணாடிச் சட்டம் உடலோடு சேர்ந்தது இல்லை. தனியாக ஓர் அலுமினியச் சட்டம், இரண்டு கால், நடுவில் ஒரு கம்பி. கால்களுக்கும் உடலுக்கும் இடையே பேக்கிங் தகடு வைத்துத்தான் சாய்வைச் சரிசெய்வார்கள். ஐம்பது ஆண்டுக் காலத்தில் எத்தனை பட்டறையில் அந்தக் கண்ணாடியைக் கழற்றினார்கள், எத்தனை தகட்டைத் திரும்ப வைத்தார்கள், யாருக்குத் தெரியும்?

செகாம்புட் தம்பிக்குச் சொல்கிறேன். கிரைண்டர்காரரை இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். கூரை தப்பா, வண்டி தப்பா என்று தெரியாமல் கூரையை வெட்டினால், பிறகு முன்கண்ணாடியை நேராக்கும் நாளில் கூரை இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

முதலில் வண்டி நான்கு டயரிலும் சமதரையில் நிற்க வேண்டும். ஜாக்கியில் ஏற்றி வைத்து அளக்கவே கூடாது. திறந்த வண்டிக்குக் கூரையின் பலம் கிடையாது. பாரம் முழுவதையும் கதவுக்குக் கீழே ஓடும் சில் சட்டங்கள்தாம் தாங்குகின்றன. அவை உள்ளே துருப்பிடித்திருந்தால் வண்டி நடுவில் தொய்யும். கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். மேலே இடைவெளி குறுகி, கீழே அகன்றிருந்தால் தொய்வு இருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் கூரைப் பேச்சை நிறுத்திவிட்டுச் சில் வேலையைப் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையிலிருந்து கதவுப் பூட்டு மாட்டும் தூணில் ஒரே புள்ளிவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அடுத்துக் கதவுக் கண்ணாடி. முன்னால் இருக்கும் முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தை முன்பின்னாகவும் உள்ளும் புறமும் நகர்த்த முடியும். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் கூரை. முன்கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கூரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஜிடி கூரை யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். 1965-இல் வந்த ஜிடிக்கு முன்கண்ணாடியே ரோட்ஸ்டரைவிட உயரம். கதவுக் கண்ணாடியும் உயரம். அந்தக் கூரையை இறக்கி வைக்க வேண்டுமானால் முன்கண்ணாடி, சட்டம், கதவுக் கண்ணாடிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதற்குமேல் அந்த இரும்பைத் தூக்க நான்கு பேர் வேண்டும்.

கேன்வாஸ் போதும்

மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், நண்பரே. இவ்வளவு பாடு எதற்கு? புதிய கேன்வாஸ் கூரை வாங்கி மாட்டுங்கள். நான் செராஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஹார்ட்டாப்பைக் கழற்றினால் எங்கே வைப்பது? கழற்ற இடம் இல்லாதவருக்குக் கழற்றும் கூரை எதற்கு? மழை வந்தால் ஓரமாக நிறுத்தி, கேன்வாஸை இழுத்துப் போட்டு, இரண்டு கொக்கியைப் பூட்டினால் முடிந்தது. ஹார்ட்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பி, கோம்பாக் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

எம்ஜிபி திறந்து ஓட்டுவதற்கான வண்டி. அதை மூடியே வைத்திருப்பதென்றால் நேராக ஜிடியையே வாங்கலாமே.

செகாம்புட் 1800

இட வசதி எனக்கு இருக்கிறது. வரிசை வீடு, கார் நிறுத்தும் முன்கூடத்தில் கப்பி மாட்டித் தூக்கிக்கொள்ளலாம். கேன்வாஸையும் விடப்போவதில்லை, புதிது மாட்டத்தான் போகிறேன். ஆனால் மழை மாதங்களில் தினமும் நனைந்த கேன்வாஸை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. அந்த மாதங்களுக்குத்தான் ஹார்ட்டாப்.

பாகன் ஐயா சொன்னபடி அளந்துவிட்டேன். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கிறது. சில் புதிதாக மாற்றிய வண்டிதான். முன்கண்ணாடி மூலையிலிருந்து தூண்வரை வலப்பக்கம் 4 மில்லிமீட்டர் குறைவு. அதாவது வலப்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கிறது. சாய்வதால் உயரமும் சற்றுக் குறைகிறது. ஆனால் கணக்குப் போட்டால் அதனால் 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். மீதி 6 எங்கிருந்து வருகிறது?

படகுப் பட்டறை

தம்பி, அந்த 6 கூரையில் இருக்கிறது. நான் பினாங்கு பத்து மாவுங் பக்கம் ஃபைபர் படகு வேலை செய்கிறேன். கார் பற்றி அதிகம் தெரியாது. ஃபைபர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும்.

கிடங்கில் அதை எப்படி வைத்திருந்தார்கள்? சுவரில் ஒரு மூலையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். தகரக் கூரை போட்ட கிடங்கின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் அப்படி நின்றால் ஃபைபர் முறுக்கிக்கொள்ளும். உடையாது, விரிசல் விடாது, கண்ணுக்கும் தெரியாது.

முறுக்கைக் காண ஒரு வழி சொல்கிறேன். கூரையைத் தரையில் வைத்து, வண்டியில் அது உட்காரும் நான்கு மூலைகளிலும் குறுக்காக இரண்டு மெல்லிய நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. நடுவில் இடைவெளி இருந்தால் அதை இரண்டால் பெருக்குங்கள். ஒரு மூலை அவ்வளவு தூக்கியிருக்கிறது. மேலே இருக்க வேண்டிய நூல் கீழே மாட்டிக்கொண்டு அழுத்தாதபடி, இரண்டையும் இடம் மாற்றிக் கட்டியும் பாருங்கள்.

முறுக்கு இருந்தால் வெட்ட வேண்டாம். கூரையை வண்டியில் உட்காரும் நிலையிலேயே மரக்கட்டைகள்மேல் வைத்து, தூக்கி நிற்கும் மூலையில் மணல் மூட்டை வைத்து, வெயிலில் விடுங்கள். தேவையான அளவுக்குச் சற்று அதிகமாகவே இறங்கட்டும். மூட்டையை எடுத்ததும் கொஞ்சம் திரும்பி எழும். எடுக்கும்போது கூரை ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு எடுத்தால் போட்ட உழைப்பு வீண்.

இப்போது நிறம். கறுப்பு அடிக்காதீர்கள். ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் பிசினான சாதாரண பாலியஸ்டர் ரெசின் 60, 70 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். நம் ஊர் மதிய வெயிலில் கறுப்புப் பரப்பு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். முதலில் உள்ளே உள்ள கண்ணாடி இழைப் பாயின் தடம் பெயின்ட்டின் மேல் தெரியும். பிறகு நீங்கள் பாடுபட்டு எடுத்த முறுக்கு திரும்ப வரும். படகு மேல்தளத்தை வெள்ளையாக வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

ஓரங்களில் பலம் சேர்க்க வேண்டுமானால் உட்பக்கத்தில் சேருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் பாய், கையால் போட்டால் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். பழைய பரப்பைப் பளபளப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பிறகு ரெசின். கடினப்படுத்தியை 1 சதவீதத்துக்கு ஒட்டியே வையுங்கள். நண்பகலில் 2 சதவீதம் கலந்தால் வாளியிலேயே இறுகிவிடும். காலை வேளையில் செய்யுங்கள்.

ரோட்ஸ்டர் பிரியன்

அந்த நூல் வழியை என் கூரையிலும் செய்து பார்த்தேன். நூல்கள் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நல்ல பாடம் அண்ணன்.

சர்ரே

என் வண்டி டிரையம்ப் டிஆர்4, 1961 முதல் 1965 வரை வந்த வகை. இதன் கூரையைப் பற்றிச் சொன்னால் கேன்வாஸ் நண்பரின் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மிக்கேலோட்டி வடிவமைத்த வண்டி இது. பின்கண்ணாடி ஒரு வார்ப்புச் சட்டத்தில் உடலோடு போல்ட் போட்டு நிற்கும். முன்கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகை. அதை மட்டும் கழற்றினால் தலைக்குமேல் வானம், பின்னால் கண்ணாடி. போர்ஷே 1965-இல் டார்கா என்று காட்டியது இதே ஏற்பாட்டின் இன்னொரு வகைதான், டிரையம்ப் முந்திக்கொண்டது. ஆனால் கழற்றிய பலகை வண்டியின் பின்பெட்டிக்குள் போகாது. அதனால் பலகைக்குப் பதில் மடித்து வைக்கக்கூடிய ஒரு துணிக் கூரையையும் கொடுத்தார்கள். சரியாகப் பார்த்தால் சர்ரே என்ற பெயர் அந்தத் துணிக்குத்தான். இப்போது எல்லோரும் மொத்த ஏற்பாட்டையும் அப்படி அழைக்கிறார்கள். நான் பலகையை வீட்டில் விட்டு, துணியைப் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு பாலிக் பூலாவ் வரை போய் வருவேன். மழை வந்தால் இருக்கையை விட்டு இறங்கி, நனைவதற்குள் மாட்டிவிட முடிகிறது.

செகாம்புட் நண்பரின் கூரையையும் இப்படி இரண்டாக அறுக்கச் சொல்லவில்லை. நடுப்பலகையை எடுத்தால் ஃபைபர் கூரையின் விறைப்பு முழுவதும் போய்விடும். டிரையம்பின் பின்சட்டம் அதற்கென்றே வார்த்த உலோகம். நான் சொல்ல வந்தது, ஹார்ட்டாப் போட்டாலும் அவசரத்துக்கு ஒரு துணி வண்டியில் இருக்கட்டும் என்பதே.

பழைய பாகன்

சர்ரே நண்பர் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 1963-இல் ஜெனீவாவில் மெர்சிடிஸ் 230 எஸ்எல் காட்டியபோது அதன் ஹார்ட்டாப் நடுவில் குழிந்து, இரு ஓரமும் உயர்ந்திருந்தது. பகோடா என்று பெயர் வந்தது அதனால்தான். பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பக்கக் கண்ணாடியை உயரமாக வைத்து, ஏறி இறங்க வழிவிட்டு, கூரைக்கும் விறைப்புத் தருவதற்காகச் செய்த வளைவு அது. கழற்றும் கூரையில் நான் பார்த்தவற்றில் அதற்கு ஈடு இல்லை. கூரையைக் கதவுக் கண்ணாடியிலிருந்து தொடங்கி யோசித்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

குஷன் கடை

செந்தூலில் குஷன் கடை வைத்திருக்கிறேன். ரப்பரும் உள்துணியும் என் வேலை என்பதால் எழுதுகிறேன்.

பிரியன் தம்பி கேட்டதுபோல் தடித்த ரப்பர் வைத்து இடைவெளியை அடைக்கவே கூடாது. உள்ளே காற்று உள்ள ஸ்பாஞ்சு ரப்பர் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும். அதற்குமேல் நசுக்கினால் சில மாதங்களில் தட்டையாகிவிடும். குறைவாக நசுங்கினால் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால்தான் ரப்பருக்கு வேலை செய்ய முடியும். ஆகவே பாகன் ஐயா சொன்ன வரிசைதான் சரி.

ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். நம் பெற்றோர் தோட்டத்தில் பால் வெட்டிய மரத்தின் ரப்பர்மீது எனக்கு மதிப்பு உண்டு. டயருக்கு அதைப்போல் வராது. ஆனால் வெயிலும் ஓசோனும் படும் இடத்தில் இயற்கை ரப்பர் வெடிப்பு விடும். ஈபிடிஎம் தாங்கும்.

ரப்பர் எங்கே தொடுகிறது என்று பார்க்கச் சாக்பீஸ் போதும். கதவுக்கு மேலுள்ள ரப்பரில் நீளமாகச் சாக்பீஸைத் தேயுங்கள். கண்ணாடியை முழுவதும் ஏற்றி, கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். கோடு தடித்த இடத்தில் அழுத்தம் அதிகம். விட்டுப்போன இடத்தில் தொடவே இல்லை. உள்ளே உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து இழுத்தும் பார்க்கலாம். சற்று இறுக்கத்தோடு வர வேண்டும்.

உள்கூரைக்கு முதுகில் நுரை ஒட்டிய துணியை வைக்காதீர்கள் அண்ணன். நம் சூட்டிலும் ஈரத்திலும் அந்த நுரை பொடியாகி உதிர்ந்து, துணி தலையில் தொங்கும். நுரை இல்லாத வைனில் அல்லது கம்பளத் துணி, சூடு தாங்கும் பசை.

பாலம் தாண்டி

ரப்பர், ஃபைபர் எல்லாம் சரி. பிடிப்பான் பற்றி யாரும் பேசவில்லையே? நான் பட்டர்வொர்த்தில் இயந்திரப் பாகங்கள் வரையும் வேலையில் இருக்கிறேன். மணிக்கு 110 கிலோமீட்டரில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 560 நியூட்டன். கூரை வளைவின்மேல் காற்று விரைந்து ஓடும்போது அதை மேலே உறிஞ்சும். எம்ஜிபி கூரையின் பரப்பில் அந்த இழுப்பு 40 கிலோ எடைக்கு மேல் போவதற்கு இடம் உண்டு. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. ஜன்னலைத் திறந்து ஓட்டினால் உள்ளேயிருந்தும் தள்ளும்.

ஆகவே முன்பக்கக் கொக்கிகள் ஃபைபரை மட்டும் பிடித்து நிற்கக் கூடாது. உட்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வைத்து, அதன் வழியே போல்ட் போடுங்கள். பின்பக்கம், கேன்வாஸ் சட்டம் பூட்டும் இடத்தில் உடலில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தால் அங்கேதான் துரு தொடங்கும்.

போல்ட் துளைகளைச் சற்று நீளவாக்கில் விடுங்கள். இதே ஃபைபர் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளும். அந்த அக்ரிலிக் ஜன்னலோ ஐந்தாறு மடங்கு. ஒரு மீட்டர் அகலமுள்ள அக்ரிலிக், 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விரியும். ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கியிருந்தால் துளையிலிருந்து விரிசல் ஓடும். இப்போதே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தின்னர், அசிட்டோன் வைத்துத் துடைக்கவும் கூடாது. மேற்பரப்பு முழுவதும் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

செகாம்புட் 1800

பாலம் தாண்டி அண்ணன் சொன்னது சரிதான். ஜன்னலின் கீழ் வலது ஸ்க்ரூவைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல். புதிய தகடு வெட்டி, ஸ்க்ரூவை விட்டுவிட்டு ரப்பர் வளையத்தில் பொருத்தப்போகிறேன்.

நூல் கட்டியதில் நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டால் பெருக்கினால் 6. முன்கண்ணாடியின் 3-ஐச் சேர்த்தால் 9. கணக்கு அப்படியே பொருந்தி வந்ததைப் பார்த்தபோது இந்த வண்டி வேலையில் இதுவரை கிடைக்காத நிம்மதி கிடைத்தது. கூரை இப்போது மாடியில் வெயிலில், மணல் மூட்டையோடு இருக்கிறது.

ஒரு கேள்வி. இப்படிக் கூரை மாட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பக்கம் தொல்லை வருமா? பின்ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டலாமா?

கேன்வாஸ் போதும்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். காப்புறுதித் துறையில் இருக்கிறேன். உடலை வெட்டி, பற்றவைத்து, நிரந்தரமாகக் கூரை கட்டினால் அது வண்டியின் அமைப்பை மாற்றுவது. முன்கூட்டியே ஜேபிஜே ஒப்புதல் வேண்டும். நீங்கள் செய்வது கழற்றி மாட்டும் உறுப்பு, உடலில் ஒரு துளைகூடப் போடவில்லை. அது வேறு. இருந்தாலும் கிளை அலுவலகத்தில் ஒருமுறை படத்தோடு கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். கூரையின் மதிப்பைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் விபத்தில் அதற்கு இழப்பீடு கேட்பது கடினம்.

கறுப்புத் தாள் விதி 2019 மே மாதம் மாறியது. முன்கண்ணாடி 70 சதவீத ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் விட வேண்டும். பின்கண்ணாடிக்கு வரம்பு இல்லை. ஆனால் அக்ரிலிக்கில் தாள் ஒட்டினால் சூட்டில் குமிழ் விடும். சாயம் சேர்த்தே வார்த்த அக்ரிலிக் வாங்குங்கள்.

கேன்வாஸ்தான் சிறந்தது என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் இவ்வளவு ஒழுங்காகச் செய்பவரைத் தடுக்க மாட்டேன்.

படகுப் பட்டறை

தம்பி, மூட்டையை எடுத்த அன்றே மாட்டாதீர்கள். இரண்டு இரவு நிழலில் இருக்கட்டும். பிறகு மறுபடியும் நூல் கட்டிப் பாருங்கள்.

செகாம்புட் 1800

வேலை முக்கால்வாசி முடிந்தது.

முன்கண்ணாடியை முதலில் எடுத்தேன். வலப்பக்கக் காலில் பேக்கிங் தகடே இல்லை. இடப்பக்கம் இரண்டு இருந்தன. யாரோ கழற்றிவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. போல்ட்டை எட்ட டேஷ்போர்டின் ஓரத்தைத் தளர்த்திக் கைவிட வேண்டியிருந்தது. அலுமினியக் காலில் இரும்பு போல்ட் வெள்ளைப் பூப் பூத்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, அவசரப்படாமல் எடுத்தோம். திரும்பப் பூட்டும்போது கிரீஸ் தடவினேன். இப்போது இரண்டு பக்க அளவும் ஒன்று.

அடுத்து முக்கோணக் கண்ணாடியின் சட்டத்தை உள்ளே சாய்த்தோம். சாக்பீஸ் கோடு முதலில் நடுவில் மட்டும் விழுந்தது. நகர்த்த நகர்த்த இரு பக்கமும் நீண்டு, கடைசியில் பின்மூலைவரை ஒரே தடிமனில் வந்தது. கூரை நூல் சோதனையில் தேறியது. வண்டிமேல் வைத்ததும் நான்கு மூலையும் தானாக உட்கார்ந்தன. ஒரு விளிம்பைக்கூட வெட்டவில்லை. நிறம் பழைய வெள்ளை. பச்சையோடு அது இவ்வளவு பொருந்தும் என்று எதிர்பார்க்கவில்லை.

குவாலா குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைப் பாதையில் உள்ள கேப் வரை ஏறிப் பார்த்தேன். வளைவுகளில் கூரை முனகவில்லை. முக்கோணக் கண்ணாடியைத் திறந்தால் உள்ளே நல்ல காற்று. நெடுஞ்சாலையில் 110-இல் கொக்கிகள் அசையவில்லை.

மீதி ஒன்றுதான். வீட்டில் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏற்றிப் பிடித்தோம். மனைவி உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் காய்ந்தே இருந்தன. ஆனால் முன்கண்ணாடிச் சட்டம், முக்கோணக் கண்ணாடி, கூரை மூன்றும் சந்திக்கும் வலது மூலையில் சொட்டுகிறது. ரப்பர் அழுத்தம் அங்கே சரியாகவே இருக்கிறது. தாள் இறுக்கமாகத்தான் வருகிறது. சிலிக்கான் பூசி அடைத்துவிடலாமா?

பழைய பாகன்

சிலிக்கான் வேண்டாம். நாளைக்குக் கூரையைக் கழற்ற வேண்டுமே. பெயின்ட் அடிக்கும்போதும் அது படிந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது.

குஷன் கடை

அண்ணன், அந்த மூலையில் முன்பக்க ரப்பரும் பக்க ரப்பரும் எப்படிச் சேர்கின்றன? இரண்டையும் நேராக வெட்டி முட்ட வைத்திருக்கிறீர்களா?

செகாம்புட் 1800

ஆமாம், முட்ட வைத்திருக்கிறேன்.

குஷன் கடை

அதுதான் காரணம். ஸ்பாஞ்சு ரப்பரின் வெட்டுமுகம் திறந்திருந்தால் தண்ணீர் அதன் நடுக் குழாய்க்குள் புகுந்து, உள்பக்கமாக ஓடி, வேறெங்கோ சொட்டும். அழுத்தம் சரியாக இருந்தும் ஒழுகுவது அதனால்தான். முன்பக்க ரப்பரை மூலையைச் சுற்றி வளைத்துப் பக்கவாட்டில் ஓர் அங்குலம் வரை இறக்குங்கள். அதன் முனையையும் பக்க ரப்பரின் முனையையும் 45 பாகைக்குச் சாய்த்து வெட்டுங்கள். மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் படிய வேண்டும். கூரை ஓடு அடுக்குவதுபோல. நடுக் குழாய்க்குள் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டைச் செருகி, ரப்பர் ஒட்டும் பசையால் இரண்டு முகத்தையும் ஒட்டுங்கள். புதிய பிளேடு வைத்து ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்தால் முகம் சேராது.

கை வராவிட்டால் வண்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மதியம்வரை இருப்பேன். வரும்போது மீதி ரப்பரையும் எடுத்து வாருங்கள். இடப்பக்க மூலையையும் அதே முறையில் வெட்டிவிடலாம். இப்போது ஒழுகாவிட்டாலும் அதுவும் ஒழுகும்.

செகாம்புட் 1800

சனிக்கிழமை காலையிலேயே வருகிறேன். ரப்பர் இன்னும் இரண்டு மீட்டர் மிச்சம் இருக்கிறது.